ஆற்றைப் போற்றுவதும் ஆற்றைப் பேணுவதும்: சீக்கிய சமய நோக்கில் சுற்றுச்சூழல்

முன்னுரை

திகாம் பத்து வட்டாரத்தில் வாழ்வோர்க்கு மூடா ஆற்றைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. உலு மூடா காட்டில் பிறந்து, வழியில் பல கிளையாறுகளைச் சேர்த்துக்கொண்டு, கெடாவிற்கும் பினாங்கிற்கும் எல்லையாக ஓடி, மலாக்கா நீரிணையில் கலக்கும் ஆறு அது. பினாங்கு மாநிலத்தார் பயன்படுத்தும் குழாய்நீருக்கான மூலநீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு இவ்வாற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. மழை மிகுந்தால் கரையோர மக்கள் அஞ்சுகின்றனர். மழை குன்றினால் இரு மாநிலத்தாரும் கவலையுறுகின்றனர். ஓர் ஆற்றின் நலம் எத்தனை வீடுகளின் நலம் என்பதை நம் மாணவர்கள் நூலைப் படித்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை.

இவ்வட்டாரத்தின் பெருநகரமாகிய சுங்கை பட்டாணியில் ஒரு குருத்துவாரா உள்ளது. அலோர் ஸ்டாரிலும் கூலிமிலும் உண்டு. நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. காவல்துறையினராகவும், காவற்காரர்களாகவும், மாடு வளர்ப்போராகவும் இந்நாட்டிற்கு வந்த சீக்கியர்களோடு தமிழர்களாகிய நாம் நூறாண்டுகளுக்கும் மேலாக அண்டை அயலாராக வாழ்ந்து வருகிறோம். கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறி வந்தமையால் அவர்களைப் ‘பெங்காலி’ என்று பிழைபட அழைக்கும் வழக்கம்கூட இங்கே வேரூன்றிவிட்டது. அவர்களுடைய தலைப்பாகையை அறிந்திருக்கிறோம். அவர்கள் பொது உணவுக்கூடத்தின் சப்பாத்தியையும் பருப்பையும் அறிந்திருக்கிறோம். அவர்களுடைய சமயம் நிலத்தையும் நீரையும் காற்றையும் பற்றி என்ன சொல்கிறது என்பதை நம்மிற் பலர் கேட்டதில்லை.

அதனைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆயினும், புகழ்ச்சியாக மட்டும் கேட்டு நிறுத்தப் போவதில்லை. இயற்கையைப் போற்றும் சமயத்தைச் சேர்ந்த மக்களின் நிலத்திலேயே ஆறு சாக்கடையானது எவ்வாறு? அது மீண்டும் ஆறானது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணும்போதுதான் அச்சமயத்தின் கொள்கை நமக்குத் தெளிவாகும், நமக்கும் பயன்படும்.

குரு நானக்கும் அவர் காட்டிய நெறியும்

சீக்கிய சமயத்தைத் தோற்றுவித்தவர் குரு நானக். அவர் வாழ்ந்த காலம் 1469 முதல் 1539 வரை. அவருக்குப் பின் ஒன்பது குருமார் அடுத்தடுத்து வந்தனர். ஐந்தாம் குருவாகிய குரு அர்ஜன் 1604ஆம் ஆண்டில் தொகுத்த திருநூலே, பின்னர் விரிவுபெற்றுக் ‘குரு கிரந்த் சாகிப்’ என்னும் பெயரோடு இன்று சீக்கியர்களால் குருவாகவே போற்றப்படுகிறது. 1430 பக்கங்களைக் கொண்ட அந்நூல், நம் தேவாரத்தைப் போலவே பண்முறையில் அமைக்கப்பட்டது. குருமாரின் பாடல்களோடு கபீர், நாமதேவர், இரவிதாசர், சூஃபி ஞானியாகிய ஃபரீது முதலியோரின் பாடல்களும் அதில் இடம்பெற்றுள்ளன.

குரு நானக்கின் வாழ்வில் சுற்றுச்சூழலோடு நேரடித் தொடர்புடைய இடங்கள் இரண்டு. முதலாவது, பஞ்சாபிலுள்ள சுல்தான்பூர் லோதி. அங்கே ‘காளி பெயின்’ என்னும் சிற்றாற்றில் நீராடச் சென்ற நானக் மூன்று நாள் காணப்படவில்லை என்றும், மெய்யுணர்வு பெற்றவராய் நீரிலிருந்து வெளிவந்து தம் போதனையைத் தொடங்கினார் என்றும் சீக்கிய மரபு கூறும். எனவே அச்சமயத்தின் தொடக்கமே ஓர் ஆற்றங்கரையில் அமைந்தது எனலாம். இரண்டாவது இடம், ராவி ஆற்றங்கரையிலுள்ள கர்தார்பூர். நெடும்பயணங்களை முடித்துக்கொண்ட நானக், தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் அவ்வூரை நிறுவி, அங்கே ஏர் பிடித்து உழுது வாழ்ந்தார். துறவியாய்க் காட்டிற்குச் செல்லவில்லை. குடும்பத்தோடு வாழ்ந்து, உழைத்து உண்டு, உண்பதைப் பகிர்ந்து வாழும் நெறியையே அவர் காட்டினார்.

தமிழர்க்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. நானக் தெற்கே பயணம் செய்து இராமேசுவரம் வழியாக இலங்கை சென்றார் என்பது சீக்கிய மரபு. இராமேசுவரத்தில் அவர் நினைவாக ஒரு குருத்துவாரா உள்ளது. இவ்வூரின் பெயரைக் கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் காண்போம்.

காற்று, நீர், நிலம்

சீக்கியர்கள் நாள்தோறும் விடியலில் ஓதும் ‘ஜப்ஜி’ என்னும் பாடலின் நிறைவுப் பகுதியில் ஓர் அரிய உறவுமுறை கூறப்படுகிறது. காற்று ஆசானின் இடத்திலும், நீர் தந்தையின் இடத்திலும், நிலம் தாயின் இடத்திலும் வைத்துப் பேசப்படுகின்றன. சீக்கியரின் சுற்றுச்சூழற் சிந்தனை முழுவதற்கும் இதுவே வித்து.

நிலத்தைத் தாய் என்பது நமக்குப் பழகிய வழக்கு. நீரைத் தந்தை என்பது ஏன்? ஆறுகளைத் தாய் என்றே அழைத்துப் பழகிய தமிழ் மாணவர்க்கு இவ்வினா எழுவது இயல்பு. எல்லாவற்றையும் பசுமையாக்கும் முதல் உயிர் நீரே என்னும் கருத்து திருநூலில் வேறோரிடத்தில் வருகிறது. நீர் வித்தாகி நிலத்தில் விழ, நிலம் அதனைச் சுமந்து வளர்க்கிறது. தந்தை, தாய் என்னும் முறை இவ்வாறு பொருந்துகிறது.

காற்றை ஆசான் என்றது இன்னும் ஆழமானது. சீக்கிய சமயத்தில் குரு என்பது இறுதியில் சொல்லே. ஓதப்படும் சொல்லே மனத்தைத் திருத்துகிறது. சொல் மூச்சின்றிப் பிறப்பதில்லை. காற்றின்றிச் செவியை அடைவதும் இல்லை. ஆகவே காற்று ஆசான். மொழியைப் போற்றும் மன்றத்தார் இதனை எளிதில் உணர்வர்.

இவ்வுறவுமுறைக்குப் பின்னால் நிற்கும் கருத்துகளை மூன்றாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, ‘குத்ரத்’. படைப்பு, இயற்கை என்று இச்சொல்லைத் தமிழில் கூறலாம். படைத்தவன் படைப்பிற்கு அப்பால் எங்கோ இருப்பவன் அல்லன். படைப்பினுள்ளேயே உறைகிறான் என்பது சீக்கியக் கொள்கை. இறைவன் உறையும் இடத்தை அழுக்காக்குவது வெறும் ஒழுங்கின்மை ஆகாது, வழிபாட்டிற்கே முரணானது.

இரண்டாவது, ‘ஹுகம்’. உலகம் ஓர் ஆணைக்குட்பட்டு இயங்குகிறது என்பது இதன் பொருள். பருவம் மாறுவதும், விதை முளைப்பதும், ஆறு ஓடுவதும் அவ்வாணையின்படியே நிகழ்கின்றன. மனிதன் அதற்கு வெளியே நின்று ஆள்பவன் அல்லன். ‘நான்’ என்னும் செருக்கால் அவன் அதனை மறக்கிறான். இச்செருக்கை ‘ஹௌமை’ என்பர். பேராசையும் அதன் வழியே பிறக்கிறது. ஆற்றை வற்றச் செய்வதும் காட்டை அழிப்பதும் அச்செருக்கின் வெளித்தோற்றங்களே.

மூன்றாவது, ‘சேவை’. உடலுழைப்பால் பிறர்க்குத் தொண்டு செய்வதே உயர்ந்த வழிபாடு. சீக்கியரின் நாள்வழிபாடு எல்லாரும் நலம் பெறுக என்னும் வேண்டுதலோடு நிறைவுறும். அவ்வேண்டுதலை வாயோடு நிறுத்தாமல் கையால் நிறைவேற்றுவதே சேவை. பலர் கூடிக் குளம் தோண்டுவதையும் கோயில் எழுப்புவதையும் ‘கார் சேவை’ என்பர். நம் நாட்டில் ஊரார் கூடிச் செய்யும் ‘கோத்தோங் ரோயோங்’ பணியை அறிந்த மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். வேறுபாடு ஒன்று உண்டு: கார் சேவையில் மண்கூடை சுமப்பது ஊர்க்கடமை மட்டுமன்று, இறைவழிபாடும் ஆகும்.

குளமும் கிணறும் மரமும்

இக்கொள்கைகள் ஏட்டில் மட்டும் இருந்தவை அல்ல. மூன்றாம் குருவாகிய குரு அமர்தாஸ் கோயிந்துவாலில் 84 படிகளைக் கொண்ட படிக்கிணற்றை அமைத்தார். நான்காம் குருவாகிய குரு ராம்தாஸ் தோண்டிய குளத்தைச் சுற்றி எழுந்ததே அமிர்தசரசு நகரம். ஊரின் பெயரே அக்குளத்தின் பெயர்தான். குரு அர்ஜன் வறட்சிக் காலத்தில் வெட்டுவித்த பெருங்கிணறு ஒன்றில் ஆறு நீரிறைக்கும் உருளைகள் பொருத்தப்பட்டிருந்தன. அக்காரணத்தால் அவ்வூர் இன்றும் ‘சேஹர்டா’, அதாவது ‘ஆறு உருளைக் கிணறு’ என்று வழங்குகிறது. குருமார் போதித்ததோடு நில்லாமல் ஊருக்கு நீர் தேடித் தந்தவர்களாகவும் இருந்தனர் என்பது இவற்றால் விளங்கும்.

மரங்களும் அவ்வாறே போற்றப்பட்டன. சுல்தான்பூர் லோதியிலுள்ள குருத்துவாரா இலந்தை மரத்தின் பெயரால் ‘பேர் சாகிப்’ எனப்படுகிறது. ஈட்டியினத்து மரமாகிய டாலி, வேம்பு, அரசு, மா, புளி ஆகியவற்றின் பெயர் தாங்கிய குருத்துவாராக்களும் உள்ளன. நம் கோயில்களில் தலமரம் போற்றப்படும் மரபோடு இதனை ஒப்பிட்டு மகிழலாம்.

ஏழாம் குருவாகிய குரு ஹர்ராய் பற்றி வழங்கும் செய்தி வகுப்பறையில் சொல்லத்தக்கது. இளமையில் அவர் தோட்டத்தில் நடந்தபோது, அவருடைய அகன்ற அங்கியில் பட்டுச் சில மலர்கள் காம்பு முறிந்து விழுந்தன. அதைக் கண்டு அவர் மனம் வருந்தினார். பாட்டனாராகிய குரு ஹர்கோபிந்த், அங்கி பெரிதாயின் அதனைத் திரட்டிப் பிடித்துக்கொண்டு நடத்தல் வேண்டும் என்று அறிவுறுத்தினார். அன்றுமுதல் அவர் அவ்வாறே நடந்தார். பின்னாளில் குருவாகிய அவரிடம் 2,200 குதிரை வீரர்கள் இருந்தனர் என்பர். கீரத்பூரில் மூலிகைத் தோட்டமும் மருத்துவச்சாலையும் நடத்தினார் என்பதும் மரபுச் செய்தி. ஆற்றல் மிக்கவன் தன் ஆடையைத் திரட்டிப் பிடிக்கக் கற்றல் வேண்டும் என்பதே இதன் கருத்து. படர்வதற்குக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே நிறுத்திச் சென்ற பாரியின் செய்தியை இதனோடு சேர்த்துச் சொன்னால், மாணவர் இரண்டையும் மறவார்.

குரு ஹர்ராய் குருப்பொறுப்பேற்ற நாளாகிய மார்ச் 14, நானக்சாகி நாட்காட்டியின் ஆண்டுத் தொடக்கமும் ஆகும். அந்நாளையே சீக்கியர்கள் இன்று ‘சீக்கியர் சுற்றுச்சூழல் நாள்’ என்று பல நாடுகளிலும் கொண்டாடுகின்றனர்.

பஞ்சாபின் முரண்பாடு

இத்தகைய மரபுடைய பஞ்சாபின் இன்றைய நிலை யாது? இவ்விடத்தில் உண்மையை மறைத்தல் கூடாது.

ஐந்து ஆறுகளின் நாடு என்பது பஞ்சாப் என்னும் சொல்லின் பொருள். இந்தியப் பஞ்சாபின் நிலப்பரப்பில் காடு இன்று 4 விழுக்காட்டிற்கும் குறைவு. ஆண்டுதோறும் நிலத்தடியில் ஊறும் நீரின் அளவைப் போல ஒன்றரை மடங்கிற்கும் மேல் அங்கே இறைக்கப்படுகிறது. 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய பசுமைப் புரட்சி நாட்டின் பசியைத் தீர்த்தது. அதில் பஞ்சாப் உழவரின் பங்கு பெரிது. எனினும், நெல்லைப் பெரிதும் விளைவிக்காத அம்மண்ணில் நெல்லும் கோதுமையும் மாறி மாறிப் பயிராயின. அரசு உறுதியளித்த கொள்முதல் விலையும் கட்டணமில்லா மின்சாரமும் ஆழ்குழாய்க் கிணறுகளைப் பெருக்கின. உழவர் தீயவர் ஆகிவிட்டனர் என்பதன்று. அவர்கள்முன் வைக்கப்பட்ட வழி அவ்வாறு அமைந்தது.

நீரும் காற்றும் எவ்வாறு பின்னிப் பிணைந்தவை என்பதற்கு அங்கே தெளிவான சான்று உண்டு. நிலத்தடி நீரைக் காக்க 2009ஆம் ஆண்டில் பஞ்சாப் அரசு ஒரு சட்டம் இயற்றியது. கடுங்கோடையில் நெல் நடுவதைத் தடுத்து, பருவமழை நெருங்கும் ஜூன் மாதத்திற்கு அது தள்ளிவைத்தது. நீரைக் காக்க நல்ல முயற்சிதான். ஆனால் நடவு தள்ளிப்போக, அறுவடையும் தள்ளிப்போயிற்று. நெல்லை அறுத்துக் கோதுமை விதைப்பதற்கு இடையே சில வாரங்களே எஞ்சின. அறுவடை இயந்திரம் விட்டுச்செல்லும் தாள்களை அகற்ற நேரமும் பொருளும் இல்லாத உழவர் அவற்றை வயலிலேயே எரிக்கலாயினர். தாளெரிப்பு முன்பே இருந்ததுதான். இப்போது குறுகிய நாள்களில் குவிந்தது. அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் காற்று அசைவற்றுக் குளிரும் காலமாதலால், புகை வட இந்தியா முழுவதும் தேங்கி நிற்கிறது. தந்தையைக் காக்க எடுத்த முயற்சி ஆசானை மூச்சுத் திணற வைத்தது என்று ஜப்ஜியின் உறவுமுறையில் இதனைக் கூறலாம்.

புகைமூட்டத்தின் துன்பம் நமக்குத் தெரியாததன்று. 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் எல்லை கடந்து வந்த புகையால் நம் நாட்டின் பல மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டதை ஆசிரியர்கள் நினைவில் வைத்திருப்பர்.

இங்கேதான் கட்டுரையின் நடுவினா எழுகிறது. நாள்தோறும் காற்றையும் நீரையும் நிலத்தையும் போற்றி ஓதும் மக்களின் நாட்டில் இவ்வாறு நேர்ந்தது எங்ஙனம்? விடை எளியது, ஆனால் கசப்பானது. போற்றுதல் என்பது வேறு, பேணுதல் என்பது வேறு. ஒன்று தானாகவே மற்றொன்றாக மாறிவிடுவதில்லை. மாற்றுவதற்கு ஒருவர் நீரில் இறங்க வேண்டும்.

காளி பெயின் மீண்ட செய்தி

குரு நானக் மெய்யுணர்வு பெற்ற காளி பெயின் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீளமுள்ள சிற்றாறு. ‘காளி’ என்பது கருமை. நீரின் கருநிறத்தால் பெற்ற பெயர். ஹோசியார்பூர் மாவட்டத்து ஊற்றுகளில் தோன்றி, கபூர்தலா வழியாக ஓடி, பியாஸ், சட்லஜ் ஆறுகள் கூடும் இடத்தருகே கலக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அது பெயருக்கு மட்டுமே ஆறாக இருந்தது. கரையிலுள்ள நகரங்களும் 40க்கும் மேற்பட்ட சிற்றூர்களும் தம் கழிவுநீரை அதில் விட்டன. ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடியது. சில இடங்களில் படுகை வறண்டு, வயலாக உழப்பட்டது. சுல்தான்பூர் லோதிக்கு நீராட வந்தோர் நாற்றத்தால் பின்வாங்கினர். ஆற்றைப் புனிதம் என்று வணங்குவோர் எண்ணிக்கை குறையவில்லை, ஆறுதான் குறைந்துபோயிற்று.

2000ஆம் ஆண்டு ஜூலையில் சீசேவால் என்னும் சிற்றூரைச் சேர்ந்த துறவியாகிய பல்பீர் சிங் அதனைத் தூய்மை செய்யத் தொடங்கினார். அரசின் ஆணைக்கோ பெருநிதிக்கோ காத்திராமல் தாமே அழுக்குநீரில் இறங்கி ஆகாயத்தாமரையைக் கையால் பறித்தார். குரு இறங்கிய நீரில் இறங்க அஞ்சலாமா என்னும் உணர்வு மக்களிடையே பரவியது. சிற்றூர்களிலிருந்து தொண்டர்கள் வந்தனர்; உணவு வந்தது; கருவிகள் வந்தன. களையை அகற்றினர், சேற்றை வாரினர், கரையை உயர்த்தி மரம் நட்டனர், படித்துறைகள் கட்டினர். முக்கேரியான் நீர்மின் கால்வாயிலிருந்து ஆற்றிற்கு நீர் விடப்பட்டது. சில ஆண்டுகளில் ஆறு மீண்டும் ஓடியது.

களையைப் பறிப்பதோடு பணி முடியாது என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். கழிவுநீர் வந்துகொண்டிருக்கும்வரை களையும் வந்துகொண்டே இருக்கும். எனவே சிற்றூர்களுக்கென எளிய முறையொன்றை வகுத்தனர். வீட்டுக் கழிவுநீர் நிலத்தடிக் குழாய்வழியே அடுத்தடுத்த வட்டத் தொட்டிகளுக்குச் செல்லும். அங்கே மணலும் கசடும் எண்ணெய்ப்பிசுக்கும் தங்கும். தெளிந்த நீர் குளத்தில் தேங்கி, வெயிலாலும் காற்றாலும் மேலும் தூய்மை பெற்று, இறைவை இயந்திரத்தால் வயலுக்குப் பாயும். ஆற்றைக் கெடுத்த நீரே பயிருக்கு உணவாயிற்று. நிலத்தடி நீரை இறைக்கும் தேவையும் அந்த அளவிற்குக் குறைந்தது. இம்முறை ‘சீசேவால் முறை’ என்று பெயர்பெற்றுப் பிற ஊர்களுக்கும் பரவியது.

2006ஆம் ஆண்டில் இப்பணியைக் காணச் சுல்தான்பூர் லோதிக்கு நேரில் வந்தவர் அன்றைய இந்தியக் குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். நானக் வந்து சென்றதாக மரபு கூறும் இராமேசுவரத்தில் பிறந்த தமிழர் ஒருவர், நானக் நீராடிய ஆற்றின் மறுவாழ்வைக் காணப் பஞ்சாபிற்குச் சென்றது நாம் மகிழத்தக்க செய்தி. 2008ஆம் ஆண்டில் ‘டைம்’ இதழ், சுற்றுச்சூழல் காத்த உலகத் தொண்டர்களின் வரிசையில் பல்பீர் சிங் சீசேவாலின் பெயரைச் சேர்த்தது. 2017இல் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2022இல் அவர் இந்திய மாநிலங்களவை உறுப்பினரானார்.

ஆயினும் இதனை முடிந்த வெற்றியாகக் கூறிவிடலாகாது. பிற்காலத்திலும் கழிவுநீர் மீண்டும் கலந்தமையால் மீன்கள் செத்து மிதந்த நிகழ்ச்சிகள் உண்டு. தொண்டரின் கைகள் களையைப் பறிக்க வல்லவை. நகராட்சியின் கழிவுக் குழாயையும் ஆலையின் கழிவையும் நிறுத்தச் சட்டமும் நிருவாகமும் வேண்டும். சேவை அவ்விரண்டிற்கும் மாற்று அன்று. அவற்றைத் தட்டி எழுப்பும் குரல் அது. தூய ஆறு எவ்வாறிருக்கும் என்பதைக் கண்முன் நிறுத்திக் காட்டும் சான்றும் அது.

மரம் நடும் தொண்டு

ஆற்றிலிருந்து காட்டிற்கு வருவோம். பிங்கள்வாரா என்னும் ஆதரவற்றோர் இல்லத்தை அமிர்தசரசில் நிறுவிய பகத் பூரண் சிங் (1904–1992), சுற்றுச்சூழல் என்னும் சொல் பரவாத காலத்திலேயே காடழிவையும் மண்ணரிப்பையும் பற்றிச் சிறு வெளியீடுகள் அச்சிட்டு மக்களிடையே இலவசமாக வழங்கினார். நோயாளிகளைத் தம் தோளில் சுமந்த அதே மனிதர் மரங்களுக்காகவும் பேசினார். அவர்க்கு இரண்டும் ஒரே தொண்டு. சிறு வெளியீட்டின் ஆற்றலை நம்பியவர் என்பதால் இத்தகைய வெளியீட்டில் அவரை நினைப்பது பொருத்தமே.

2009ஆம் ஆண்டில் தோன்றிய ‘ஈக்கோசிக்’ என்னும் அமைப்பு இத்தொண்டை உலகளவில் ஒருங்கிணைத்தது. 2019ஆம் ஆண்டு குரு நானக் பிறந்து 550 ஆண்டுகள் நிறைவுற்றபோது, 550 மரங்கள் கொண்ட சிறு காடுகளைப் பஞ்சாபிலும் பிற இடங்களிலும் உருவாக்கும் பணியை அது மேற்கொண்டது. இதற்குப் பயன்பட்டது ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறை. அந்தந்த மண்ணுக்குரிய பலவகை மரக்கன்றுகளை நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டும் நீரும் மூடாக்கும் இட்டுப் பேணினால், அவை ஒன்றோடொன்று போட்டியிட்டு விரைந்து வளர்ந்து, பின்னர்த் தாமே தம்மைக் காத்துக்கொள்ளும். இம்முறை நம் நாட்டிற்கும் புதியதன்று. 1990களின் தொடக்கத்திலேயே சரவாக்கின் பிந்துலுவில், அன்றைய மலேசிய வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில், மழைக்காட்டை மீட்க மியாவாக்கியின் வழிகாட்டலில் மரங்கள் நடப்பட்டன.

ஒரே வகை மரத்தை வரிசையாக நடுவதற்கும் காட்டை வளர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம்மைவிட யார் அறிவர்? நம் முன்னோர் காட்டை அழித்துப் பால்மரம் நட்டனர்; பால்மரத்தை அழித்துச் செம்பனை நடப்பட்டதை நம் பெற்றோர் கண்டனர். இரண்டும் பசுமைதான், ஆனால் பல்வகை உயிர்க்கு இடமளிக்கும் காடு ஆகா.

தமிழ் மரபும் மூடா ஆறும்

சீக்கிய மரபில் கண்டவை பல நமக்கும் உரியவை. திருநூலில் ஆண்டின் பன்னிரு மாதங்களையும் உள்ளத்து ஏக்கத்தோடு இணைத்துப் பாடும் பகுதிகள் உள்ளன. நம் அகப்பாடல்கள் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டே உள்ளத்தைப் பாடின. மழைத்துளிக்காக ஏங்கும் பறவையை அவர்களும் பாடினர், நம் புலவரும் பாடினர். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பையே வைத்தார். அவ்வதிகாரத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவர் நம் தமிழ்ப்பள்ளிகளில் ஏராளம்.

ஆகவே பஞ்சாபிடம் கேட்ட வினாவை நம்மிடமும் கேட்டல் வேண்டும். வான் சிறப்பை ஒப்புவிக்கும் வாய் நெகிழிப் புட்டியைக் கால்வாயில் எறியும் கையைத் தடுக்கிறதா? மூடா ஆற்றின் படுகையிலேயே 2022ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், பாலிங் மாவட்டத்துக் கூப்பாங்கில் மலையிலிருந்து பெருக்கெடுத்த வெள்ளம் சேற்றையும் மரத்துண்டுகளையும் அடித்துவந்தது. மூவர் உயிரிழந்தனர். மேல்நிலத்துக் காட்டிற்கும் கீழ்நிலத்து வீட்டிற்கும் உள்ள உறவை அந்நாள் நமக்கு உணர்த்தியது. வெப்பம் கூடக்கூட வளிமண்டலம் மிகுதியான நீராவியைத் தாங்கும். அதனால் பெருமழை இன்னும் வலுக்கும் என்பது அறிவியல் கூறும் செய்தி. காடும் ஆறும் நலமாயிருந்தால்தான் அம்மழையைத் தாங்கும் ஆற்றல் நிலத்திற்கு இருக்கும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல மூன்று பணிகளைப் பரிந்துரைக்கலாம். ஒன்று: பள்ளி வளாகத்து மழைநீர்க் கால்வாய் எங்கே செல்கிறது, எந்த ஓடையில் கலக்கிறது, அவ்வோடை எங்கே ஆற்றை அடைகிறது என்பதை மாணவர் தேடிக் கண்டு வரைபடமாக வரைதல். காளி பெயினைக் காத்தவர்களும் கழிவு எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிந்த பின்னரே வெற்றி பெற்றனர். இரண்டு: வான் சிறப்பு கற்பிக்கும் கிழமையில் ஒருநாள் மாணவரை ஓடைக்கரைக்கு அழைத்துச் சென்று, அங்கே கண்டதைத் தம் சொல்லில் எழுதச் செய்தல். மூன்று: பள்ளிக்கு அண்மையில் குருத்துவாரா இருப்பின், இசைவு பெற்று ஒருநாள் சென்று, அங்கே சேவை செய்வோரைக் கண்டு உரையாடுதல். அங்கே யாரும் விருந்தினர் அல்லர். வந்தவர் எவராயினும் உணவுண்ணலாம், பாத்திரம் கழுவவும் சேரலாம்.

முடிவுரை

சீக்கிய சமயம் காற்றை ஆசானாகவும் நீரைத் தந்தையாகவும் நிலத்தைத் தாயாகவும் கண்டது. அக்காட்சி மட்டும் காளி பெயினைக் காக்கவில்லை. அக்காட்சியை உண்மையென்று நம்பி நீரில் இறங்கியவர்கள் காத்தார்கள். அவர்கள் பணியும் முற்றுப்பெறவில்லை. ஆண்டுதோறும் செய்ய வேண்டியதாகவே இருக்கிறது. வைசாக்கியும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே நாளையொட்டி வருகின்றன. சீக்கிய அண்டையாரும் தமிழரும் புத்தாண்டு வாழ்த்துப் பரிமாறிக்கொள்ளும் அப்பொழுதில், மூடா ஆற்றங்கரையின் ஒரு பகுதியை இரு சமூகத்து மாணவரும் சேர்ந்து தூய்மை செய்தால், அது இரு மரபுக்கும் உரிய நல்வழிபாடாக அமையும். அதனைத் தொடங்கும் பள்ளி இவ்வட்டாரத்துப் பள்ளியாக இருத்தல் வேண்டும் என்பதே நம் விழைவு.